குளிர வை

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு நாட்டிலேயே பசுமையான வளாகம் என்று பெயர் கிடைத்த பிறகு, ஊழியர் குடியிருப்பில் வீட்டுக்கு இவ்வளவுதான் குளிர்ச்சி என்று பங்கு பிரித்துவிட்டார்கள். வெயில் ஐம்பதைத் தாண்டும் சித்திரையில் அந்தப் பங்குதான் உயிர். வேண்டியதை வீட்டிடம் வாய்விட்டுச் சொன்னால் போதும், செய்துவிடும்.

அன்று வெள்ளிக்கிழமை. மாமியாரும் நானும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம்.

“குழலி, வெளக்கக் குளிர வச்சிட்டு வாம்மா” என்றார் அத்தை, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. விளக்கை அணை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. நான் பூவால் திரியை அமர்த்திவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் மார்கழிக் காற்று முகத்தில் அடித்தது.

“யாரு ஏசி போட்டது?”

“குளிர வைக்கச் சொன்னீர்கள்” என்றது வீடு.

“நாள் முழுக்கவா? எங்க பங்கு அவ்வளவு வராதே!”

“அது காலையிலேயே தீர்ந்துவிட்டது. எதிர்வீட்டுப் பங்கிலிருந்து எடுத்துக்கொண்டேன். முதலில் கேட்டவர்களுக்கே முன்னுரிமை.”

எதிர்வீட்டில் நூலகர் தாவீது சார், முதுகில் ஆபரேஷன் ஆகி, தனியாகப் படுத்திருந்தார். அவருக்கென்று எடுத்துவந்த கல்யாணச் சாப்பாட்டுடன் அத்தை அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“அவரு கேக்கலையா?” என்றேன்.

“கேட்டார். உச்சிப்பொழுது வரை கேட்டுக்கொண்டே இருந்தார்” என்றது வீடு. “அப்புறம் கேட்கவில்லை.”

அத்தை இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.