பதின்மூன்றாம் இடத்துப் பிஸ்டல்

“இந்த முறை தில்லைநாதனை விடமாட்டன்,” என்றார் ஜெயரத்தினம். அவருக்கு முன்னால் சமையலறை மேசையில், பழைய துவாய் ஒன்றின்மேல் ஒரு பிஸ்டல் அக்கு வேறு ஆணி வேறாகக் கிடந்தது.

மனைவி விமலாதேவி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. “போன முறையும் இதைத்தான் சொன்னனீங்கள். அந்தாள் பதின்மூண்டாவது, நீங்கள் பதினாலாவது. மொத்தமே பதினாலு பேர்.”

கொலையுமில்லை, பகையுமில்லை. தில்லைநாதன் இங்கே நோர்வேயில், அதே எல்லிங்ஸ்ருட்டில் மூன்று கட்டடம் தள்ளி இருக்கிற அருமந்த சிநேகிதர். மணிக்கூடு ஓட ஓட ஆளும் ஓடி, தட்டிகளுக்குப் பின்னால் நிற்கும் குறி மட்டைகளைச் சுடுகிற போட்டிக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போய்வருகிறார்கள். கிழமை முழுக்க குரோருட் பக்கம் பஸ் ஓட்டும் ஜெயரத்தினத்துக்கு மாதத்தில் அந்த ஒரு சனிக்கிழமைதான் உயிர். ஐந்து வருடமாகப் போகிறார். ஐந்து வருடமாகக் கடைசி.

பிழை தன்னிலிருக்கலாம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பிழை பிஸ்டலில்தான். ஆகவே குளிர்காலம் முழுக்க அதைத் திருத்தினார். விசையை இளக்கினார். குறிமுனையில் பச்சையாக மினுங்கும் துண்டொன்றைப் பூட்டினார். பிடியில் வழுக்காத தாள் ஒட்டினார், குண்டு நிரப்பிய மகசின் சட்டென்று உள்ளே போக அடியில் புனல் மாதிரி ஒன்றைப் பொருத்தினார். நடுவில் ஒரு குட்டி ஸ்பிரிங் துள்ளிக் காணாமல் போய், இரண்டு நாள் நிலத்தில் தவழ்ந்து தேடினார். மூன்றாம் நாள் விமலாதேவி அதைப் பருப்புக் கறிக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அன்றைக்கே அவள் முடிவும் சொல்லிவிட்டாள். “இஞ்சருங்கோ, இந்த முறையும் கடைசி எண்டால் இதைக் குடுத்துப்போட்டு வாங்கோ. என்ரை மேசை எனக்கு வேணும்.”

“நல்லூரானாணை, கடைசி எண்டால் போட்டியையே விட்டிடுறன்,” என்று வாய் தவறிச் சத்தியம் பண்ணிவிட்டார் ஜெயரத்தினம். அந்தச் சனிக்கிழமையும் இல்லையென்றால் தனக்கு என்ன இருக்கிறது என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

போட்டிக்குப் போகும் வழியில், காரில் பக்கத்திலிருந்த தில்லைநாதனிடம் அதைச் சொன்னார். “இண்டைக்கும் கடைசி எண்டால் இதோடை சரி, ஐசே. நல்லூரான்மேலை சத்தியம்.”

வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்த தில்லைநாதன் அதோடு பேசாமல் போய்விட்டார். லோறென்ஸ்கூக் தாண்டும்வரை ஒரு சொல் இல்லை. என்ரை பிஸ்டலை நினைச்சுப் பயந்திட்டார் என்று ஜெயரத்தினம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

மணி அடித்தது. ஜெயரத்தினம் ஓடினார். புனல் இருந்தும் மகசின் கைதவறி விழுந்தது. விசை இளகிய வேகத்தில் இரண்டு குண்டு மட்டைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டுக்குள் போயின. வழக்கம்போலத்தான்.

அடுத்து தில்லைநாதன், கடையில் வாங்கிய அதே பிஸ்டலோடு. கைக்கெட்டும் தூரத்தில் நின்ற இரண்டு மட்டைகளைத் திரும்பியும் பாராமல் ஓடி முடித்தார். “ஓடின அவதியிலை காணேல்லை,” என்றார் மூச்சு வாங்கியபடி.

முடிவு போனில் வந்தது. ஜெயரத்தினம் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். முதலாவதாக வந்த நோர்வேக்காரன்கூட ஒரு தடவை தலையாட்டியதோடு சரி.

“விமலா, பதின்மூண்டு!” என்று வீட்டுக்குப் போன் எடுத்துக் கத்தினார்.

“அப்ப கடைசி ஆர்?”

“தில்லைநாதன்!”

மறுமுனையில் வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது. “சரி, கவனமா வாங்கோ,” என்றாள்.

திரும்பி வரும்போது ஜெயரத்தினத்தைப் பிடிக்க முடியவில்லை. விசையின் மகிமை, பச்சை மினுக்கத்தின் மகிமை, புனலின் மகிமை என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். தோற்ற மனிதனின் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

“கவலைப்படாதையும், ஐசே. உம்மடை பிஸ்டலுக்கும் நானே ட்ரிகர் இளக்கித் தாறன். அடுத்த மாசம் பாரும்.”

“ஐயோ, வேண்டாம்,” என்று பதறினார் தில்லைநாதன். பிறகு யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “அந்த ரெண்டு மட்டையையும் நான் வேணுமெண்டுதான் விட்டனான்.”

ஜெயரத்தினத்துக்குக் குளிர்காலம் முழுக்கப் பட்ட பாடு அப்படியே கண்முன்னால் வந்தது. வெட்கம் ஒரு பக்கம், ஆனால் அதைவிட நெஞ்சு நெகிழ்ந்துபோனது. காரை ஓரமாக நிறுத்தி, சிநேகிதரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்காகவோ, ஐசே?” என்று கேட்டார். “நான் போட்டியை விடக்கூடாதெண்டோ?”

“ஓம், ஐசே. நீர் விட்டிட்டால் பிறகு ஆயுளுக்கும் கடைசி நான்தானே!”