எதிர்கேலரியில் ரோஸ்லின்

லீக் வென்ற துறைமுக அணியும் கோப்பை வென்ற பேட்டை அணியும் மோதும் சீசனின் முதல் கால்பந்து ஆட்டம். பேட்டைக்காகத் தொண்டை கிழியக் கத்திய ரோஸ்லின் இறந்து எட்டு மாதம். காலி இருக்கைகளிலிருந்து ஆரவாரம் எழுப்ப கிளப் வைத்த ஒலிபெருக்கிகளுக்கு அவளுடைய பதிவான குரலைத் தர, கணவன் எட்வின்தான் கையெழுத்திட்டிருந்தான். மைதானத்திலாவது அவள் இருக்கட்டுமே என்று.

துறைமுகம் கோல் போட்டது. “அப்டி போடு ராசா” என்று எதிர்கேலரியிலிருந்து ரோஸ்லின் கத்தினாள்.

எட்வின் எழுந்தான். பேட்டை கிளப் ஊழியரைத் தேடிப் பிடித்தான். “அது என் பொண்டாட்டி. செத்தாலும் பேட்டைக்காரி.”

“அந்தப் பக்கம் ஆளே வரல சார், குரல வாடகைக்குக் கேட்டாங்க. செகண்ட் ஹாஃப்ல நம்ம பக்கம் கத்துவாங்க. கொஞ்சம் பொறுங்க.”

ஊழியரின் சட்டையைப் பிடித்திருக்கலாம். வீட்டுக்காவது போயிருக்கலாம். தன்னை நினைக்கவே எட்வினுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் இருக்கையில் போய் உட்கார்ந்து, இரண்டாம் பாதிக்காகக் காத்திருந்தான்.