பத்துக்கு இரண்டு

“முப்பது மணி நேரத்துக்குள்ள வண்டி கைக்கு வரணும்மா. முடியுமா?”

விற்பனைப் பெண் சிரித்தாள். “பிக்கப் வண்டிக்கு ஒரு வாரமாவது ஆகும் சார். மொதல்ல இது உங்களுக்குச் சரிப்பட்டு வருமான்னு பார்த்துடலாம். உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. அவருடைய மனைவிதான் உட்கார்ந்தார். சனிக்கிழமை மதியம். ஷோரூமின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே மேகமே இல்லாத வெயில். உள்ளே புது டயர் வாடை.

யார் பிக்கப் கேட்டு வந்தாலும் அவள் பத்துக் கேள்விகள் கேட்பாள். அவளே தயாரித்த கேள்விகள். மதிப்பெண் ஐந்துக்குக் கீழே போனால், “இது உங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிடுவாள். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவள் விற்ற வண்டி எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

“தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?”

“ஆபீஸுக்குப் பதினோரு கிலோமீட்டர்.”

“ரோடு எப்படி சார்?”

“தார் ரோடு. வழவழன்னு இருக்கும்,” மனைவி முந்திக்கொண்டார். “இதுல ஏறி இறங்க எனக்குத்தான் ஏணி வேணும்.”

“பின்னாடி சுமை ஏத்துவீங்களா?”

“எத்தனை பேர் நிக்கலாம்?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

“ஆளுங்களை ஏத்தக் கூடாது சார். சட்டம்.”

“சட்டம் இருக்கட்டும்மா. நெருக்கி நின்னா?”

அவள் தயங்கினாள். “பதினஞ்சு பேர் நிக்கலாம்.”

அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

“எல்லாத்துக்கும் அளவு வேணும் இவருக்கு,” என்றார் மனைவி. “பாலைக்கூட கோடு போட்ட டம்ளர்லதான் ஊத்துவார். நான் வாழ்க்கைப்பட்டது மனுஷனுக்கா, ஸ்கேலுக்கான்னு சில நாள் சந்தேகமா இருக்கும்.”

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். எல்லாரும் கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். அவர் நேராகத் தன் வீட்டு வாசலுக்குப் போய் நிறுத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஊருக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்குவாரிப் பாதையில் வண்டியைத் திருப்பினார். நாலு சக்கரமும் இழுக்க, வண்டி சரளைக்கற்களை உதைத்துக்கொண்டு மலைமேல் ஏறியது. பின் சீட்டில் மனைவி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

உச்சியில் இஞ்சினை நிறுத்தினார். “பதினாலு நிமிஷம்,” என்றார், யாரிடமோ சொல்வதுபோல். இறங்கிப்போய், வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று காலடியால் அளந்தார். கீழே ஊர் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் கிடந்தது. அவர் ஊரைப் பார்க்கவில்லை. அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார், வெகுநேரம்.

“நல்ல இடம் சார். ஆனா இங்கல்லாம் யாரும் வர மாட்டாங்க.”

“வருவாங்க,” என்றார்.



இறங்கும்போது கேட்டார். “உன் வீடு எங்கம்மா?”

“பாலத்துப் பக்கம் சார். ஆத்தோரம்.”

“மாடியா?”

“கீழ் வீடுதான். நானும் அம்மாவும்.”

வண்டி நின்றது. அவர் நோட்டைத் திறந்தார். பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள், வரிசை வரிசையாக. கடைசி வரிசையில் இன்னும் இரண்டு கோடுகள் போட்டு மூடிவைத்தார். என்ன கணக்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

பின் சீட்டிலிருந்து மனைவி அவள் தோள்பக்கம் குனிந்தார். “நேத்துலேர்ந்து இப்படித்தாம்மா இருக்கார். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல.”

ஷோரூமுக்குத் திரும்பியதும் அவள் மதிப்பெண்ணைக் கூட்டினாள்.

“பத்துக்கு ரெண்டு சார். மனசாட்சிப்படி சொல்றேன், இது உங்களுக்கு வேண்டாம். டீசல் குடிக்கும், தெருவுல நிறுத்த இடம் தேடணும். ஒரு சின்னக் கார் போதும்.”

“பொண்ணு எவ்வளவு நல்லாச் சொல்லுது, கேளுங்களேன்,” என்றார் மனைவி.

“இப்ப ஓட்டிட்டு வந்தோமே, அந்த வண்டியையே குடும்மா. இன்னைக்கே.”

“அது காட்டுறதுக்கு வெச்சிருக்கிற வண்டி சார். உடனே குடுக்கணும்னா, ஏன் குடுத்தோம்னு காரணம் எழுதி நான் கையெழுத்துப் போடணும்.” அவள் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். “என் கையால ரெண்டு மார்க் போட்டுட்டு, நான் என்னன்னு எழுத?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மனைவி எழுந்து அருகில் வந்தார். இப்போது குரலில் கேலி இல்லை. “என்னங்க, எங்கிட்டயாவது சொல்லுங்களேன்.”

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

“வெளியில மூச்சு விட்டா வேலை போயிடும்னு சொல்லியிருக்காங்க. போகட்டும். எழுதிக்கோம்மா. மேல இருக்கிற மண் அணையில, கரைக்கு அடியில கசியுற தண்ணியை அளக்கிறது என் வேலை. பதினெட்டு வருஷமா கண்ணாடி மாதிரி வந்த தண்ணி, நேத்துக் காலையிலேர்ந்து மண்ணா வருது. கரையை உள்ளுக்குள்ளயே அரிச்சுக்கிட்டிருக்கு. பெரிய அதிகாரிங்க திங்கக்கிழமை வந்து பார்க்கறாங்களாம். அதுவரைக்கும் அது நிக்காதும்மா.”