சானிட்டைசர் அம்மா

"அக்கா, இந்தக் குழந்தையை உள்ள விடாதீங்க. மூக்கைப் பாருங்க, ஆறா ஓடுது!"

குழந்தைகள் காப்பக வாசலில் நின்றிருந்த அத்தனை அம்மாக்களும் திரும்பிப் பார்த்தார்கள். வாண்டுவின் அம்மாவுக்குக் காது வரை சூடேறியது. இடுப்பிலிருந்த ஒன்றரை வயது வாண்டுவோ, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்துகொண்டவன் மாதிரி பலமாக ஒரு தும்மல் போட்டான்.

கத்தியது சானிட்டைசர் அம்மா. மற்ற அம்மாக்கள் வைத்த பெயர் அது. தன் மகள் தொடப்போகும் பொம்மை, நாற்காலி, கதவு என்று சகலத்தையும் துடைத்துவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்புவாள். மற்ற குழந்தைகளைப் பிடித்துத் துடைக்காததுதான் பாக்கி.

"வெறும் சளிதானே? குழந்தைன்னா சளி பிடிக்காதா?" என்றாள் வாண்டுவின் அம்மா.

"உங்களுக்கு வெறும் சளி. என் மூத்தவளும் இந்த வயசுல இப்படித்தான் மாத்தி மாத்தி நெஞ்சுச்சளியில கிடந்தா. இப்ப தூசி பட்டா இளைப்பு, பூனை வந்தா தும்மல். இன்ஹேலர் இல்லாம பள்ளிக்கூடம் போறதில்லை. சின்னவளையாவது நான் காப்பாத்த வேண்டாமா?"

"சின்ன வயசுல நாலு கிருமியைப் பார்த்தாத்தான் பின்னால அலர்ஜி கிலர்ஜி வராதுன்னு டாக்டரே சொன்னார்."

டாக்டர் சொன்னது வேறு. சில தொற்றுகள் உடம்பைப் பழக்கலாம், சில தொற்றுகள் அலர்ஜிக்கே வழிவிடலாம், எந்தக் குழந்தைக்கு எது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். அதில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் இவள் முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள்.

"ஒரு நாள் லீவு போட்டா என்னவாம்? வேலை பெருசா, குழந்தை பெருசா?"

வாண்டுவின் அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"இன்னொரு தடவை லீவு போட்டாலோ பாதியில கிளம்பினாலோ திரும்பி வர வேண்டாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டார். இவன் அப்பா ஊர்ல இல்லை. எனக்கு வேற யாரும் இல்லை. போதுமா?"

கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வாண்டுவைக் காப்பகத்து அக்காவின் கையில் திணித்துவிட்டு விடுவிடுவென்று நடந்தாள்.

அவள் வேலை ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில். உருளை இயந்திரத்திலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்பை எதிரும் புதிருமாக இருவர் பிடித்து மடிக்க வேண்டும். எங்கும் வெள்ளை, எங்கும் நீராவி. மூக்கடைப்போடு போராடிய பிள்ளையோடு ராத்திரி முழுக்க விழித்திருந்தவளுக்கு எது கனவு, எது நிஜம் என்று பிடிபடவில்லை. ஒவ்வொரு விரிப்பிலும் வாண்டு சுருண்டு படுத்திருந்தான். அவன் தூக்கம் கலைந்துவிடாதபடி மெல்ல மெல்ல மடித்தாள்.

"ஏய், தூங்குறியா?" என்று எதிரே நின்றவள் அதட்டினாள்.

"இல்லையே, தூங்க வைக்கிறேன்," என்றாள் இவள்.

இடுப்புப் பையில் போன் கனத்தது. குழந்தைக்கு உடம்பு சுட்டால் அம்மாவுக்குப் போன் வரும், உடனே வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும். அது காப்பகத்து விதி. அடிக்காதே, இன்னிக்கு மட்டும் அடிக்காதே என்று போனிடம் கெஞ்சிக்கொண்டே மடித்தாள். அது அடிக்கவே இல்லை.

மதியம் பாய்லர் மக்கர் செய்தது. நீராவி அடங்கி, கூடம் திடீரென்று தெளிவாகத் தெரிந்தது. "எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்று சூப்பர்வைசரே சொன்னார். அவள் ஓட்டமும் நடையுமாகக் காப்பகத்துக்கு வந்தாள்.

உள்ளே தூங்கும் நேரம். நீலத் திரைகள் வழியே வந்த வெளிச்சத்தில் அறை தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது. வரிசையாகக் குட்டிப் படுக்கைகள். குட்டி வயிறுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கே அங்கே படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வாண்டுவின் படுக்கை மட்டும் காலி.

உடம்பு சரியில்லாத குழந்தைகளுக்கென்று மூலையில் ஒரு சின்ன அறை உண்டு. அதன் கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே நாற்காலியில் சானிட்டைசர் அம்மா. அவள் தோளில் வாண்டு.

"என் பிள்ளையைத் தனியா அடைச்சு வெச்சுக் காவல் வேற இருக்காளா?"

கதவைத் தள்ளப்போனவளின் கையைக் காப்பகத்து அக்கா எட்டிப் பிடித்தாள். "மெதுவா! இப்பத்தான் கண் அசந்தான். படுக்க வெச்சா மூக்கடைக்குது. தோள்ல நிமிர்த்தி வெச்சாத்தான் தூங்குறான். காலையிலேர்ந்து இப்படித்தான் உட்கார்ந்திருக்காங்க."

"இவங்க ஆபீஸ் போகலையா?"

"லீவு போட்டுட்டாங்க."

"எனக்கு ஏன் போன் பண்ணலை?"

"நீங்க போனதும் லேசா உடம்பு சுட்டுச்சு. போனை எடுத்தேன். கையைப் பிடிச்சுட்டாங்க. 'அவங்களுக்கு வேலை போயிடும். சூடு ஏறினா மட்டும் கூப்பிடுங்க, அதுவரைக்கும் நான் பார்த்துக்கறேன்'னாங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சானிட்டைசர் அம்மாவின் உள்ளங்கை அவன் முதுகில் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. ஆபீசுக்காக உடுத்தி வந்த நல்ல துணியில், தோள் முழுக்க அவன் மூக்கு ஈரம்.

சட்டென்று நினைவு வந்து, தூங்கும் குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தேடினாள்.

"அக்கா, அவங்க சின்னவ எங்க? அவளுக்கு ஒட்டிக்கிட்டா என்ன பண்றது?"

"சளி பிடிச்ச குழந்தையும் பிடிக்காத குழந்தையும் ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு பிடிவாதமா நின்னாங்க. அப்புறம் அவங்களே வீட்டுக்காரரை வரவழைச்சு, தன் பொண்ணை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."