நாலாவது வரி

1973ஆம் ஆண்டு லக்சம்பர்க்கிலிருந்து ஒரு வங்கி காஞ்சிபுரத்துக்கு வேலை கொடுத்தது. அன்றைய நம் மாவட்டத்தில் பாதிகூடத் தேறாத நாடு அது. ஊர் உலகத்துப் பணமெல்லாம் அங்குள்ள வங்கிகளில் போய்த் தங்குமாம். வங்கிக் கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு பட்டுத் திரை வேண்டும். அதில் பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் மூன்றிலும் ‘நல்வரவு’ என்று ஜரிகையில் இருக்க வேண்டும்.

பிள்ளையார்பாளையம் வீரபாகு நான்கு மாதம் நெய்தார். அந்த எழுத்துகள் அவருக்குத் தெரியாது. எழுத்தின் வடிவத்துக்கு ஏற்பத் துளையிட்டுத் தறியில் மாட்டிய அட்டைகள் காட்டியபடி நெய்தார்.

தறியிலிருந்து அறுத்த அன்று ஏஜெண்ட் தணிகாசலம் திரையை விரித்துப் பார்த்தார்.

“மூணு வரிதானேப்பா குடுத்தேன். நாலு இருக்குதே?”

வீரபாகு அட்டைகளை இரண்டு முறை எண்ணினார். “மூணு வரிக்குத்தாம்பா அட்டை இருக்குது.”

உழைப்பு வீணாகிவிடுமோ என்று அவர் மனைவி தையல்நாயகி அன்று சாப்பிடவில்லை.

மறுவாரம் வங்கி அதிகாரி வீரபாகு வீட்டுக்கே நேரில் வந்தார். மூன்று வரிகளையும் படித்துத் தலையசைத்தார். நாலாவது வரியில் அவர் விரல் நின்றுவிட்டது. பிறகு தணிகாசலத்திடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

“அவுங்க வீட்டுல பேசற பாஷையாம்பா இது” என்றார் தணிகாசலம். குரல் தணிந்திருந்தது. “‘கை கழுவிட்டு வா, சாப்பாடு ஆறுது’ன்னு இருக்குதாம். அவரு அம்மா தெனம் அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். அவுங்க செத்து இருபது வருசமாவுதாம்.”

வீரபாகு திரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

அதிகாரி கோட்டைக் கழற்றி வைத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்கட்டுக் கிணற்றடிக்குப் போனார். தையல்நாயகி தண்ணீர் இறைத்து ஊற்ற, அவர் இரு கைகளையும் நீட்டினார்.