எங்கள் பக்கத்து வழக்கம்

கப்பலூர் டோல்கேட்டில் கார் நின்றபோதே, எங்கள் ஃபேக்டரியைப் பார்க்க வந்த ஜெர்மன்காரரிடம் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் வெளி ஆண்களோடு கைகுலுக்க மாட்டார்கள். கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வதுதான் மரியாதை. நாம் அவர்களை நிமிர்ந்து பார்ப்பதும் தப்பு, தலை குனிந்து ஒரு வணக்கம் போதும்.

மனுஷன் அக்கறையாக நோட்டில் எழுதிக்கொண்டார். இந்தியாவில் எப்படி நடந்துகொள்வது என்று அவருக்கு இரண்டு நாள் வகுப்பே எடுத்தார்களாம். அதில் இதைச் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார்.

எப்படிச் சொல்வார்கள்? நேற்று சாயங்காலம் நானும் முதலாளியும் டீ குடித்துக்கொண்டே உண்டாக்கிய வழக்கம் அது.

ஐந்து வருஷ ஆர்டர். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், வேலையில் யாருக்கும் அடிபட்டிருக்கக் கூடாது. அடிபடவில்லை என்று எழுதிக் கொடுத்த மேனேஜர் நான்தான். பெரிய யோக்கியன்.

நாகஜோதியை இன்றைக்கு லீவு போடச் சொன்னோம். சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

அவள் பார்த்துவந்த, தகடு வெட்டும் பிரஸ்ஸில் போன வாரம்தான் இசைவாணியை உட்கார வைத்தோம். பத்தொன்பது வயசு. கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பிக் கூண்டு அந்த மிஷினில் கிடையாது. மாட்டினால் வேலை மெதுவாகும் என்று கழற்றிப் போட்டது.

"எனக்கு ஆனது ஆகிப்போச்சு. அந்தப் புள்ளைக்காவது கூண்ட மாட்டுங்கண்ணே," என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள் நாகஜோதி. பார்ப்போம் பார்ப்போம் என்றே மூன்று தடவையும் சொன்னேன்.

ஜெர்மன்காரரை வரவேற்க ஷெட்டுக்குள் நின்ற பெண்கள் வரிசையில் அவள்தான் முதல் ஆளாக நின்றாள்.

ஜெர்மன்காரர் பக்கத்தில் வந்ததும் முந்தானையிலிருந்து வலது கையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

அவரோ அதற்குள் இரண்டு கைகளையும் கூப்பி, கண்ணைத் தரையில் பதித்து, தலையைத் தாழ்த்தியிருந்தார். "வணக்கம்" என்றார் திருத்தமாக. நிமிராமலே அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. கட்டைவிரல், சுண்டுவிரல். நடுவில் ஒன்றும் இல்லை.

வரிசை முடிந்ததும், எல்லாம் முறைப்படி செய்தேனா என்று என் காதோரம் கேட்டார்.

ரொம்பச் சரியாகச் செய்தீர்கள் என்றேன்.

நாகஜோதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இசைவாணி அடுத்த தகட்டை வைக்க பிரஸ்ஸுக்குள் கையை நீட்டினாள்.