ஊர் பார்க்க வந்தவர்

குதிரை தானாகவே நின்றது.

வண்டிக்காரர் கடிவாளத்தைத் தொடக்கூட இல்லை. அம்மையார் கோயில் வாசல் வந்ததும் அதுபாட்டுக்கு நின்று தலையை ஆட்டிக்கொண்டது.

"இதுதாங்க அம்மையார் கோயில். ஆனி மாசம் வந்திருந்தீங்கன்னா, மாடியில நின்னு மாம்பழமா வீசுவாங்க. பார்க்கக் கண்ணு போதாது."

பஞ்சநாதன் இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறிக்கொண்டார். கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். அந்த ஊர்க்காரர் கோயில் பார்க்கக் காரைக்காலுக்கு வந்திருக்கிறார் என்றால், நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அவர் வந்தது பெண் பார்க்க.

அதை யாரும் அப்படி எழுதுவதில்லை. பிடிக்காமல் போனால் பெண்ணுக்கல்லவா பேர் கெடும்? 'ஊர் பார்க்க வருகிறேன். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கும் ஒரு எட்டு வருவேன்' என்று கார்டு போட்டிருந்தார். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது. அதனால் சாப்பாடு ஓட்டலில். பெண்ணின் அம்மா காசியம்மாவும் 'அவசியம் வரவும்' என்று பதில் போட்டிருந்தாள்.

ஆனால் காலை ரயிலிலேயே வந்துவிட்டார். ஊரைச் சுற்றுகிற சாக்கில் பெண் வீட்டைப் பற்றித் துப்புத் துலக்க வேண்டாமா? பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

ஸ்டேஷனில் இந்த வண்டிக்காரர்தான் நேரே வந்து பையை வாங்கிக்கொண்டார். வாடகைகூடப் பேசவில்லை. வெள்ளந்தியான ஊர் என்று நினைத்துக்கொண்டார் பஞ்சநாதன்.

குதிரை அடுத்து மஸ்தான் சாகிபு தர்காவில் நின்றது. வண்டிக்காரர் விவரம் சொன்னார். மாதா கோயிலில் நின்றது. அதற்கும் சொன்னார்.

அப்புறம் ஒரு சந்து முனையில் நின்றது.

"இது... டீக்கடைங்க," என்றார் வண்டிக்காரர், அசடு வழிய.

இரண்டு பேரும் டீ குடித்தார்கள். பஞ்சநாதன் மெல்ல ஆரம்பித்தார். காசியம்மா என்று ஒரு அம்மாள் இருக்கிறார்களாமே, வீடு எப்படி?

"தெரியுங்க. புருசன் இல்ல. பொண்ணு பேரு கமலாம்பாள். பத்தாவது முடிச்சிருக்கு. தங்கமான பொண்ணு, ஆனா கோவம் மூக்கு மேல நிக்கும். சமையல் சுமார்தான். தாய்மாமன் ஒருத்தன் இருக்கான், மரக்கடைக்காரன், சரியான சந்தேகப் பிராணி."

பஞ்சநாதனுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. கேட்காமலே குறையையும் சேர்த்துச் சொல்கிறவனை எங்கே பார்க்க முடிகிறது?

அதுதான் உறுத்தியது. அவரிடமும் ஒரு குறை இருந்தது. பையில் வைத்த பொட்டலம் மாதிரி அதைக் கும்பகோணத்திலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

மகன் முத்தையனுக்கு சயரோகம் வந்து குணமாகியிருந்தது. போன வருஷம் மாயவரத்தில் ஒரு இடம், பரிசம் போட மூன்று நாள் இருக்கும்போது யாரோ போய்ச் சொல்லி நின்றுபோனது. அன்றிலிருந்து பையன் கடைக்கு முன்பக்கம் வருவதில்லை. பின்கட்டிலேயே உட்கார்ந்து பாத்திரங்களுக்குப் பேர் வெட்டிக்கொண்டிருக்கிறான். இந்த இடமும் தட்டிப்போனால் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டான்.

தாலி ஏறும்வரை வாயைத் திறக்காதே என்று சொந்தக்காரர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

வண்டி பிரெஞ்சுக்காரன் மாளிகையைத் தாண்டியது. அவர்கள் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆயிற்று என்றார் வண்டிக்காரர். பஞ்சநாதனுக்கு எதுவும் காதில் விழவில்லை.

அரசலாறு கடலில் சேருகிற இடத்தில் குதிரை நின்றது. கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. காற்று சுகமாக இருந்தது. இந்த மனுஷனை இனிமேல் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் பஞ்சநாதன் வாயைத் திறந்துவிட்டார்.

"என் பையனுக்கு நெஞ்சுல சீக்கு இருந்திச்சுப்பா. இப்ப சுத்தமா இல்ல. பொண்ணு வீட்டுல சொல்லாதங்கறாங்க."

வண்டிக்காரர் கடலைப் பார்த்தபடி கேட்டார்.

"ரெண்டு வருசம் ஆஸ்பத்திரியில கெடந்துட்டு எந்திரிச்சு வர்றது லேசா? அங்க என்ன சொல்லப் போறீங்க?"

"சொல்லிட்டுத்தான் ஒரு வாய் தண்ணியே குடிப்பேன்," என்றார் பஞ்சநாதன். சொன்ன பிறகுதான் மூச்சு முழுசாக வந்தது. ஓட்டல் ஞாபகமே வரவில்லை.

காசியம்மா வீட்டு வாசலில் வண்டி நின்றது. இந்தத் தடவை வண்டிக்காரர் கடிவாளத்தை இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

வாசலில் காத்திருந்த ஒருவர் ஓடிவந்து குதிரையின் கழுத்தைத் தடவினார்.

"காத்தமுத்தண்ணே, என் குதிரை நீங்க சொன்னபடி கேட்டுச்சா?"

"எங்க கேட்டுச்சு அலாவுதீன்? அதுதான் எங்களுக்கு ஊரக் காட்டிச்சு."

காத்தமுத்து தலைப்பாகையை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசல் அண்டாவில் தண்ணீர் மொண்டு கால் கழுவினார். தன் வீட்டுக்குள் போகிறவர்போல உள்ளே போனார்.

பஞ்சநாதன் ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றுவிட்டார். சந்தேகப் பிராணி என்று சொன்னது யாரை என்று இப்போதுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரி என்றோ, இரண்டு வருஷம் என்றோ, அவர் கடற்கரையில் வாயே திறக்கவில்லையே.

உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"அக்கா, இலையப் போடு. சம்பந்தி பசியோட வந்திருக்காங்க."